ஜில்லு மாமுவும் உள்ளே இருந்தவரும்

வடசென்னையில் இயந்திரம் கெட்டுப்போன பிறகு சரிசெய்யத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். கெடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கெடட்டும் என்று காத்திருந்த மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஜில்லு மாமு. அவர் உட்கார்ந்தும் இயந்திரம் கெடாமல் போன நாள் என் குறிப்பில் ஒன்றுகூட இல்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு பல்கலைக்கழகத்தின் குவாண்டம் கணினி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாசலில் நின்றால் எதிரே கன்டெய்னர் லாரிகள். பின்பக்கம் சுற்றுச்சுவர், அதற்கு அப்பால் கருங்கல் குவியல், அதற்கு அப்பால் கடல். அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலராக ஓய்வுபெறும்வரை இருந்தேன். யார் எப்போது வந்தார், எது எப்போது போனது என்று எழுதுவது என் வேலை. வேலை இல்லாத நேரத்திலும் அதையே சொந்த நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம்.

நிலையத்தில் முனைவர்கள் பலர், இயந்திரம் ஒன்று. குவாண்டம் கணினி என்றதும் மேசைமேல் வைக்கும் பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். கணக்குப் போடுவது நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு. அதைக் குளிரவைக்க ஆள் உயரத்துக்குக் கூரையிலிருந்து தொங்கும் வெள்ளை உருளை. உருளையின் அடிப்பகுதிக்குள் இருக்கும் குளிர், விண்வெளியின் இருட்டில் இருக்கும் குளிரைவிட அதிகம். சில்லுக்கு லேசான அதிர்வு பட்டாலும் போதும், போட்ட கணக்கு கலைந்துவிடும். பக்கத்துத் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். கோடு நிதானமாக ஓடினால் சில்லு நலம். கோடு உடைந்து புழுதி மாதிரி சிதறினால் அன்றைய உழைப்பு வீண். எனக்குத் தெரிந்த குவாண்டம் அறிவியல் இவ்வளவுதான்.

அந்த உருளையைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வந்தவர்தான் ஜில்லு மாமு. ராயபுரத்துக்காரர். காசிமேட்டில் ஓர் ஐஸ் பாக்டரியில் இருபத்தாறு வருடம் இருந்தவர். அதை மூடிய பிறகு இங்கே வந்தார். அவருடைய முழுப்பெயர் கேட் பாஸில் மட்டுமே இருந்தது. காவலாளி முதல் மாணவர்கள் வரை எல்லோருக்கும் அவர் ஜில்லு மாமுதான். ஆய்வகத் தலைவர் வசந்தி மேடம் நேர்காணலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குளிர் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"குளிருன்னு தனியா ஒண்ணியும் இல்லம்மா. கீற சூட்ட எட்த்துட்டா மீதி நிக்கிறது தான் குளிரு. எட்த்த சூட்ட எங்க இட்டுகினு போய் கொட்றதுன்றது தான் வேல."

மேடம் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டார். "இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆகுது சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வேலையில் சேர்ந்த அன்றே ஜில்லு மாமு மங்கி குல்லா போட்டுக்கொண்டார். அது மே மாதம். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உருளையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் குளிரவே குளிராது, அறையும் சாதாரண அறைதான் என்று மாணவர்கள் எடுத்துச் சொன்னார்கள். "உள்ள அவரு அந்த நெலமைல கீறாரு, நான் வெளிய காத்து வாங்கிகினு நின்னா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். 'அவரு' யார் என்று மாணவர்கள் கேட்டதற்கு, குல்லாவைக் காதுவரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆய்வக அறைக்குள் நுழையும்முன் கதவைத் தட்டுவார். அறையில் ஆளே இல்லை என்று தெரிந்தாலும் தட்டி, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் திறப்பார். ஒருநாள் நிலைய இயக்குநர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே யார் இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"அப்புறம் எதுக்குத் தட்டறீங்க?"

"இருந்துட்டா?"

அந்த வாரம் இயக்குநரும் ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். நேரம் குறித்திருக்கிறேன், காலை பத்தே கால்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதிவேட்டில் கையெழுத்து வாங்க நானும் அவரோடு போனேன். கதவை மூன்று முறை தட்டினார். உள்ளே பம்பு வழக்கம்போல் 'கீச், ஸ்ஸ், கீச், ஸ்ஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சுக்கு நடுவே உள்ளேயிருந்து 'டக், டக், டக்' என்று கேட்டது. திறந்தோம். யாரும் இல்லை. குளிரக் குளிர உலோகம் சுருங்கும்போது அப்படிச் சத்தம் வரும் என்று எங்கள் பின்னாலேயே வந்த வசந்தி மேடம் விளக்கினார். நான் அதை எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும் ஜில்லு மாமு என் காதருகே குனிந்தார்.

"சுருங்கட்டும் சார், வேணான்னு சொல்லல. நான் எத்தினி தபா தட்டினேனோ அத்தினி தபாதான் சுருங்கணுமா?"

அன்றிலிருந்து அந்தக் கதவருகே தனியாகப் போவதை நான் தவிர்த்துவந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல மாதப் பொருத்தும் வேலை முடிந்து, முதல்முறையாகச் சில்லை உள்ளே வைத்துக் குளிரவைத்து, அளவீடு தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை அளவீடு. சனிக்கிழமை அரை நாள். ஞாயிறு விடுமுறை. அடுத்த மாதம் நிதி கொடுப்பவர்களின் குழு பார்வையிட வருவதாக இருந்ததால் எல்லோரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் திங்கள் ஒன்பதரைக்கு ஜில்லு மாமு செருப்பைக் கழற்றிவிட்டு, மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து நடு அறையில் போட்டு உட்கார்ந்தார். இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"மேடம், கைய எட்த்துடுங்க. வர்றாரு."

"யாரு?"

அவர் மேசைப் பக்கம் கையைக் காட்டினார். மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் மெல்ல வட்டம் வட்டமாக நெளியத் தொடங்கியது. லாரி போகவில்லை. ரயில் போகவில்லை. கதவு மூடியிருந்தும் அறைக்குள் உப்பு வாடை. பத்து நிமிடத்துக்கெல்லாம் பச்சைக் கோடு நடுங்கி, வளைந்து, புழுதியாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே கிடந்தது. பிறகு தானாக நேரானது. ஜில்லு மாமு எழுந்து ஸ்டூலை மூலையில் வைத்தார்.

"பூட்டாரு. இனிமே வேலையப் பாருங்க."

மறுநாள் அவர் பத்தரைக்குச் சற்று முன் உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் பதினொன்று தாண்டி. ஒவ்வொரு நாளும் அவர் உட்கார்ந்த பிறகுதான் கோடு உடைந்தது. தினமும் ஒரே நேரத்துக்கு வந்திருந்தால் ஏதாவது இயந்திரம், ஏதாவது ரயில் என்று கண்டுபிடித்திருப்பார்கள். இது நாளுக்கு நாள் தாமதமாக வந்தது. வேலைக்கு விருப்பமில்லாமல் வருகிற ஆள் மாதிரி. வசந்தி மேடம் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு வாசலில் குடை பிடித்துக்கொண்டு மூன்று மதியம் நின்று ரயில்களை எண்ணினார். கிடைத்தது முகக் கறுப்பு மட்டும்.

மாணவர்கள் முதல் இரண்டு நாள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் கேலி நின்றது. நான்காம் நாள் ஒரு மாணவன் கம்ப்ரஸருக்கு விபூதி பூசியிருந்தான். கேன்டீன் மல்லிகா, பக்கத்துக் குப்பத்துக்காரர், நடுத்தர வயது, யாருக்கும் பயப்படாதவர், ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து உருளைக்கு அடியில் வைக்கச் சொன்னார். பழத்தில் காந்தத்தன்மை இல்லை என்று கருவி வைத்துச் சோதித்த பிறகே மேடம் அனுமதித்தார். அன்றும் கோடு உடைந்தது. பழம் மட்டும் கடைசிவரை வாடாமல் இருந்தது. அதற்கும் மேடம் ஒரு காரணம் சொன்னார், நான் எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை இயக்குநர் ஒரு முடிவுக்கு வந்தார். "இது கெடறது எப்போன்னு கெடுக்கறவனுக்குத்தான் தெரியும்." பாதுகாப்பு அலுவலர் ஜில்லு மாமுவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு விசாரணை. அளவீடு அதுவரை நிறுத்திவைப்பு. குற்றம் நிரூபணமானால் பாஸ் ரத்து. பாஸில் 'நாசவேலை' என்று முத்திரை விழுந்தால் இந்தக் கடற்கரையில் எந்தத் தொழிற்சாலையும் அவரை வாசலுக்குள் விடாது. வயது ஐம்பத்தாறு. அவர் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்பதும் அவருக்கு எதிராகவே போயிற்று. அவர் இல்லாமல் கோடு உடைந்த நாள் ஒன்றுகூட இல்லையே.

அவருக்கு எதிரான சாட்சி எது தெரியுமா? என் நாட்குறிப்பு. அவர் உட்கார்ந்த நேரம், கோடு உடைந்த நேரம் இரண்டையும் பத்து நாளாக நிமிடம் பிசகாமல் எழுதிவைத்திருந்தவன் நான் ஒருவன்தான். யாரும் கேட்டு எழுதவில்லை. இயக்குநர் கேட்டதும் என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

விசாரணை அறையில் இயக்குநர், வசந்தி மேடம், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், நாட்குறிப்போடு நான். ஜில்லு மாமுவுக்கு நாற்காலி போட்டிருந்தும் நின்றுகொண்டிருந்தார்.

"நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

"குதிகால்ல வரும் சார்."

"என்ன வரும்?"

"அவரு வர்றது."

"யார் அந்த அவரு?"

"அத்த நீங்கதான் சார் சொல்லணும். ரூம்புல எல்லாரும் டாக்டருங்க. நான் எட்டாவது."

இயக்குநர் மேசையைத் தட்டினார். "விளையாடாதீங்க. உங்க வேலை போற விஷயம் இது. யாராவது செய்யச் சொன்னாங்களா?"

"யார் சொல்லப் போறாங்க சார். நான் ஒண்ணியும் பண்ணல. வர்றாருன்னு தெரிஞ்சா உக்காருவேன். பெரியவங்க வர்றப்போ குறுக்க நடந்துகினு இருக்கக் கூடாதுன்னு உக்காருவேன். அவ்ளோதான்."

அந்தப் பதில் அவரைக் காப்பாற்றப்போவதில்லை என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர. அதிகாரி என் பக்கம் திரும்பி, "குறிப்பைப் படிங்க" என்றார்.

படித்தேன். "திங்கள், ஒன்பது நாற்பத்திரண்டு. செவ்வாய், பத்து முப்பது. புதன், பதினொன்று பதினெட்டு. வியாழன், பன்னிரண்டு ஐந்து."

அப்போது தேநீர்த் தட்டோடு மல்லிகா உள்ளே வந்திருந்தார். அதிகாரிக்கு முன்னால் டம்ளரை வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இன்னா சார், அல்லாரும் உக்காந்துகினு தண்ணி ஏர்ற நேரம் பட்ச்சுகினு கீறீங்க. மீன் புடிக்க போட்டு வாங்கப் போறீங்களா?"

"என்ன நேரம்?" என்றார் வசந்தி மேடம்.

"கடல் தண்ணி மேல ஏர்ற நேரம்மா. தெனம் முக்கா மணி தள்ளித் தள்ளி வரும். எங்க வூட்ல சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். சக்கர போதுமா சார்?"

ஒருவரும் சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை. வசந்தி மேடம் ஜன்னலருகே போய்ப் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அங்கே கரையைக் கடல் தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய பாறைகள். தண்ணீர் இறங்கியிருக்கும்போது அலை மணலில் படுத்துவிடும். ஏறிவிட்டால் மணல் இல்லை, ஒவ்வொரு அலையும் நேராகப் பாறையில் அடிக்கும். பாறை தரையை அடிக்கும். தரை கட்டடத்தை, கட்டடம் உருளையை, உருளை சில்லை. நாங்கள் காதால் கேட்டுப் பழகிப்போய் மறந்துவிட்ட சத்தம் அது. அளவீட்டுக் கணினியோ நேரத்தைக் கடிகாரப்படி எழுதாது, குளிர் தொடங்கியதிலிருந்து எத்தனை வினாடி என்று எண்ணும். வினாடிகளில் கடல் தெரியவில்லை.

"அப்போ இவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று இயக்குநர் விடாமல் கேட்டார்.

மேடம் திரும்பினார். "அந்த ஐஸ் பாக்டரி எங்க இருந்தது மாமு?"

"ஹார்பர் ஓரத்துலம்மா. தரைக்கு அடியிலயே தண்ணி. தண்ணி ஏறிச்சுன்னா போட்டு உள்ள வரும், போட்டு வந்தா ஐஸ் ஒடைக்கணும். வெறுங்கால்ல நின்னுகினு இருப்போம், தர சொல்லிடும்." பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அய்ய. தண்ணியாம்மா அது?"

தன் வேலை தப்பிக்கப்போகிறது என்ற நிம்மதி அந்த முகத்தில் கொஞ்சமும் இல்லை. இவ்வளவு நாளும் மரியாதையாக உட்கார்ந்து வழிவிட்டது வெறும் கடலுக்குத்தானா என்ற வருத்தம்தான் இருந்தது.

இயக்குநர் லேசில் நம்புகிறவர் அல்லர். துறைமுகத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் தேடி எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டார். "முதல்லேருந்து படிங்க. ஒண்ணு தப்பினாலும் இந்தக் கதை செல்லாது."

படித்தேன். திங்கள் பொருந்தியது. செவ்வாய், புதன், வியாழன் பொருந்தின. வெள்ளி, பன்னிரண்டு ஐம்பத்தைந்து. பொருந்தியது. அடுத்த வரிக்குக் கண் போனது. என் கையெழுத்துதான்.

'சனி, காலை ஒன்பது ஐந்து. ஜி.மா. உட்காரவில்லை. எழுந்து நின்றார். குல்லாவைக் கழற்றினார். ஒன்பது பத்துக்குக் கோடு உடைந்தது. பதினோரு நிமிடம்.'

சனிக்கிழமை தண்ணீர் ஏறியது மதியம் ஒன்றரைக்கு மேல், நாங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு. காலை ஒன்பது மணிக்குக் கடல் இறங்கிக் கிடந்திருக்கும். அட்டவணையைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. இயக்குநரின் பேனா காத்திருந்தது. ஜில்லு மாமு என்னைப் பார்க்கவில்லை, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தைத் திருப்பினேன்.

"சனிக்கிழமை?" என்றார் இயக்குநர்.

நான் வாயைத் திறக்கும்முன் வசந்தி மேடம், "சனிக்கிழமை அரை நாள் சார்" என்றார். பொய்யில்லை. ஆனால் அவர் கைக்கு அடியில் சனிக்கிழமைக் கோட்டின் அச்சுப்பிரதி இருந்ததையும், அவர் அதைக் கோப்புக்குள் மெல்லத் தள்ளியதையும் பார்த்தேன்.

"திங்கள்," என்றேன் நான். "மூன்று இருபது."

பொருந்தியது. மீதி எல்லாம் பொருந்தின. பன்னிரண்டரைக்குக் கேட் பாஸ் அவர் கைக்கு வந்தது. கடல் ஏறும் நேரம் போக மீதி நேரத்தில் அளவீடு என்று தீர்மானம் எழுதப்பட்டது. நானே எழுதினேன்.

மாலையில் வாசலில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது ஜில்லு மாமு பக்கத்தில் வந்து நின்றார்.

"சார். சனிக்கிழம எங்க பூட்ச்சு?"

"பக்கம் ஒட்டிக்கிச்சு மாமு."

"ஒட்டிக்கும் சார். உப்புக் காத்து." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு வந்தது தண்ணி இல்ல. அது ஆளோட நட. எனக்கு அந்த நட தெரியும். ஐஸ் பாக்டரில எங்கூட வேல செஞ்ச ஒருத்தன், ஒரு காலு இழுத்து இழுத்து நடப்பான். தர முழுக்க அவன் நடதான் சார். சொவரோரமா வந்து, உருளைய ஒரு சுத்து சுத்தி, வெளிய போச்சு. அதான் எழுந்து நின்னேன்."

நான் அவர் பக்கம் நெருங்கி நின்றேன். "அவர் எப்போ தவறிப்போனார்?"

"தவறிப்போனானா? சார், நல்லா கேட்டீங்க. காசிமேட்ல டீக்கட வச்சுகினு கீறான். அன்னிக்கே போன் போட்டுக் கேட்டேன். 'நான் இங்கதான் பால் காய்ச்சிகினு கீறேன், உனுக்கு இன்னா கேடு'ன்னு திட்டுறான்."

"அப்போ அன்னிக்கு வந்தது யாரு?"

"அதான் சார் எனுக்கும் தெர்ல" என்றார் ஜில்லு மாமு. அவர் முகத்தில் மதியம் பார்த்த வருத்தம் இல்லை. தொலைந்துபோன பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது போல ஒரு தெளிவு. பேருந்து வந்தது. நான் ஏறிக்கொண்டேன், அவர் ஏறவில்லை. உள்ளே போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், உள்ளதை உள்ளபடி எழுதும் வழக்கத்தை விட முடியாமல், நாட்குறிப்பில் எழுதினேன்: 'விசாரணையில் சனிக்கிழமை வரி வாசிக்கப்படவில்லை. விட்டது நான், தெரிந்தே. காரணம்: எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.'